அப்பத்தாவின் ஐந்தொகை

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் விடிந்தால் ஆறு அடுப்பு எரியும். அப்பத்தாவின் அடுப்பு ஒன்று, மருமகள்களின் அடுப்பு ஐந்து. ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே சாமி அறை. உலை மட்டும் ஆறு. வெளியூரிலிருந்து வரும் தோழிகள் இதைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று என் காதில் கேட்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. செட்டிநாட்டில் அதுதான் வழக்கம். கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். பாத்திரம் பண்டம், அடுப்பு, ஒரு வருடத்துக்கான அரிசி, பருப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாம் கொடுத்து, இனி உங்கள் பாடு உங்களுக்கு என்று ஒதுக்குவார்கள். அன்றிலிருந்து அவர்கள் தனிப் புள்ளி. வீடு பிரிவதில்லை, சமையல்தான் பிரிகிறது.

தன்னை வேறு வைத்த நாளைப் பற்றி என் ஆத்தா சொல்வது இது: "உங்கப்பத்தா படியில அரிசியை அள்ளி, உள்ளங்கையால தலையைத் தட்டி விட்டாக. கூட ஒரு மணியும் இல்ல, குறைச்சலா ஒரு மணியும் இல்ல." பிரியமான மருமகளுக்குக் கும்பாரமாகவும் மற்றவளுக்குத் தலை தட்டியும் அளக்கிற மாமியார்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். எங்கள் வீட்டுக் கடைசி மருமகள் அப்பத்தாவின் சொந்தத் தம்பி மகள். அவருக்கும் தலை தட்டிய படிதான்.

இதைக் கருமித்தனம் என்று ஊரில் சிலர் சொன்னதுண்டு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் தோழிகளின் கதைகளைக் கேட்டவள் என்ற முறையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு இன்னொரு தோசை வார்க்க மாமியார் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய வீடுகள் எத்தனையோ. எங்கள் வீட்டில் எந்த மருமகளும் ஒரு கரண்டி எண்ணெய்க்கு யார் முன்னாலும் நின்றதில்லை. என்ன சமைத்தாள், எவ்வளவு மிஞ்சியது என்று அப்பத்தா எட்டிப் பார்த்ததும் இல்லை. அளந்து கொடுத்தாயிற்று, அதற்கு மேல் அது அவள் அரிசி.

பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். தீபாவளியை ஒட்டிச் சீப்புச் சீடையும் மனகோலமும் நாள் கணக்கில் சுடுவார்கள். சாயங்காலம் எங்களை வளவில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஆறு சீடை எண்ணித் தருவார் அப்பத்தா. கூட ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். கொடுத்துவிட்டு, "நாளைக்கு உனக்கு அஞ்சு" என்பார். மறுநாள் ஐந்துதான் வரும். அழுதாலும் ஐந்துதான். ஒரு தடவை பெரியப்பா மகன் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து ரசம் சாதத்தோடு ஆறு நாள் கிடந்தான். அவன் பங்குச் சீடையை அப்பத்தா தினமும் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவந்து, அவன் எழுந்து நடமாடிய அன்று மொத்தமாக எடுத்துக் கொடுத்தார். முப்பத்தாறு சீடை! அன்றைக்கு எங்களுக்கு அவன்தான் செட்டிநாட்டு ராஜா சர்.

அப்பத்தா பிறந்தது 1924இல், பொன்னமராவதிப் பக்கத்து ஊர் ஒன்றில். அப்போது அது புதுக்கோட்டை சமஸ்தானம். சமஸ்தானத்துக்கென்று தனியாக அம்மன் காசு உண்டு. பிரகதாம்பாள் உருவம் போட்ட சின்னச் செப்புக் காசு. அணாவுக்கு இருபது, ரூபாய்க்கு 320. தமிழ்க் கணக்கில் முந்திரி என்பதும் 320இல் ஒரு பங்கு. ஆக, ஒரு ரூபாயில் முந்திரி எவ்வளவு என்று வாத்தியார் கேட்டால், சமஸ்தானத்துப் பிள்ளைகள் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டிவிடலாம். அப்பத்தா எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். கைப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த அம்மன் காசுகளைத் தரையில் பரப்பி வைப்பார். அரைக்காணிக்கு இரண்டு, காணிக்கு நான்கு, அரைமாவுக்கு எட்டு, மாவுக்குப் பதினாறு. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்து, பிறகு 1957இல் நயா பைசாவும் வந்துவிட்டது. அப்பத்தா மனசுக்குள் மட்டும் அணாவும் மாகாணியும் கடைசிவரை செலாவணியில் இருந்தன.

திண்ணைப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்ததோடு சரி. 1938இல், பதினான்கு வயதில், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அவர் கணவரான என் ஐயாவுக்கு அப்போது பதினெட்டு. அடுத்த வருடம் அவர் சென்னையில் கப்பல் ஏறி ரங்கூன் போய்விட்டார். ஐயாவின் அப்பாவான பாட்டையாவின் கடை ஐராவதிக் கழிமுகத்தில், பியாப்போனில் இருந்தது. கடை என்றால் மிட்டாய்க் கடை அல்ல, வட்டிக்கடை. நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் தொழில். மூன்று வருடம் அங்கே, சில மாதம் இங்கே என்பது அந்தக் காலத்துச் செட்டிநாட்டு ஆண்களின் கணக்கு. பெண்கள் இங்கேதான்.

ஆனால் பெண்களின் பணம் அங்கே போனது. அப்பத்தாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீதனம் 5,000 ரூபாயை அந்தக் கடையிலேயே வரவு வைத்திருந்தார்கள். பேரேட்டில் இதற்கு ஆச்சிமார் பணம் என்று தனிக் கணக்கு இருக்கும், அதற்கு வட்டி கட்டுவார்கள். எங்கள் பக்கத்து வீடுகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சையும் மாய்ந்து மாய்ந்து எடுக்கிறார்கள். அந்தத் தூண்களைக் கொண்டுவந்த முதலில், ஊரைவிட்டு வெளியே போகாத பெண்களின் சீதனமும் கலந்திருந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை போலிருக்கிறது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஐயா நடந்தவர். புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டித் தாங்கூப், அங்கிருந்து நாட்டுப் படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். மாதக் கணக்கில் கடிதம் இல்லை. "அந்த வருஷம் நம்ம ஊர்ல எந்தப் பொம்பளையும் தபால்காரரை நிமிந்து பாக்கல ஆத்தா" என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். அந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஐயா வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு பேரேடு. படகில் கடல் தண்ணீர் பட்டுப் பல பக்கங்களில் மசி கரைந்திருந்தது. வந்தவர் மலேரியாவில் படுத்துவிட்டார். பாட்டையாவுக்குக் கண்ணில் புரை. எழுத்து முழுவதும் அழிவதற்குள் பிரதி எடுத்தாக வேண்டும், வீட்டில் எழுதத் தெரிந்து சும்மா இருந்த ஒரே ஆள் பதினெட்டு வயது அப்பத்தா. பேரேட்டை முற்றத்து வெயிலில் ஒவ்வொரு பக்கமாக உலர்த்துவது, கரைந்த இடத்தில் என்ன இருந்தது என்று காய்ச்சலில் கிடக்கும் ஐயாவைக் கேட்பது, புது ஏட்டில் எழுதுவது. இப்படித்தான் அவர் பற்று வரவு படித்தார், ஐந்தொகை எடுக்கப் படித்தார். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் கணக்கு எழுத உட்கார்ந்ததற்கு ஜப்பான்காரனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சாதாரணக் காலத்தில் அந்தப் பேரேட்டைத் தொடக்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

சண்டை முடிந்து 1946இல் ஐயா திரும்பவும் பர்மா போனார். 1948 ஜனவரியில் அந்த நாடு விடுதலை அடைந்தது, அதே வருடம் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டமும் வந்தது. ஐந்தாறு வருடம் அலைந்து பார்த்துவிட்டு, பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஐயா ஊர் வந்து சேர்ந்தார். 1967இல் காலமானார்.

அப்பத்தா சித்திரை முதல் தேதி புதுக்கணக்குப் போடுவார். பிள்ளையார் சுழி, சிவமயம், சாமிக்கு மகமை, பிறகு வீட்டுக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வருடா வருடம் மாறாமல் வரும். 'பியாப்போன் கடையில் வரவேண்டியது.' முதல் 5,000. வட்டி, நூற்றுக்கு ஆறு வீதம், வருடத்துக்கு 300. 1942லிருந்து ஒரு வருடம் விடாமல் அந்த 300ஐக் கூட்டிக்கொண்டே வந்தார். 1995இல் அது 20,900 ரூபாயாக இருந்தது. அந்த வருடம் ஆடிட்டர் பரீட்சை முடித்திருந்த பெரியப்பா மகன் (சீடையில் ராஜா சர் ஆனவன்தான்) அந்த ஏட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வட்டிக்கு வட்டி போட்டிருந்தா லட்சத்தைத் தாண்டியிருக்குமே அப்பத்தா" என்றான்.

"சண்டையில ஓடியாந்த கடைக்கு வட்டிக்கு வட்டி போடறது ஞாயமில்லப்பா."

"அப்ப வராக்கடன்னு எழுதித் தள்ளிடுங்க. இனிமே எங்க வரப்போகுது?"

"வராதுங்கிறது வேற. வரவேண்டியது இல்லைங்கிறது வேற" என்றார் அப்பத்தா. ஆடிட்டர் ஏட்டை மூடிக் கொடுத்துவிட்டான்.

கல்லூரியில் நான் வரலாறு படித்தேன். பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு, 1938இல் இருபத்தைந்து பங்கு என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. நிலத்தை அவர்கள் விலைக்கு வாங்கிக் குவிக்கவில்லை. 1930க்குப் பிறகு உலகம் முழுவதும் மந்தம் வந்து நெல் விலை பாதாளத்துக்குப் போனது, கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் அடமானத்தில் மூழ்கிக் கடைக்காரர் பெயருக்கு வந்தது. கடைக்காரர்களுக்கும் அப்போது பணம்தான் வேண்டியிருந்தது, நிலம் அல்ல. ஆனாலும் உழுதவன் நிலம் உழுதவனிடம் இல்லை. பியாப்போனும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. விடுமுறைக்கு வந்தபோது இதை அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். இருபது வயதில் இருக்கும் நீதிபதித் தோரணையோடுதான் வாசித்தேன். அப்பத்தா வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அவன் வீட்டிலயும் ஒருத்தி எழுதி வச்சிருப்பா" என்றார்.

வந்த சித்திரையில் வழக்கம்போல 300 ரூபாயைக் கூட்டி எழுதினார்.

எங்கள் வீட்டைக் கட்டியது பாட்டையாவின் அப்பா. அவருக்கு நான்கு மகன்கள், ஆளுக்குக் கால் பங்கு. பாட்டையாவுக்கு இரண்டு பேர், ஆளுக்கு அரைக்கால். ஐயாவுக்கு ஐந்து மகன்கள், ஒரு மகள். வீடு ஆண் வாரிசுக்கு மட்டும் என்பதால் அரைக்காலை ஐந்தால் வகுத்து ஆளுக்கு அரைமா. ஓடு மாற்ற, வெள்ளையடிக்க, படைப்புக்கு என்று எந்தப் பொதுச்செலவு வந்தாலும் இந்தப் பங்குப்படிதான் பிரிப்பார்கள். மற்ற மூன்று கிளைக்காரர்களும் ஒரு கட்டத்தில் கணக்கை அப்பத்தாவிடமே விட்டுவிட்டார்கள். பிள்ளையார் நோன்புக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று போனவர்கள் எல்லாம் வந்து சேர்வார்கள். இழை எடுத்துக்கொண்ட மறுநாள் காலை முகப்பில் ஜமுக்காளம் விரித்துக் கணக்கு வாசிப்பு. நோன்பிலேயே ஒரு தலைக்கணக்கு உண்டு, ஆளுக்கு ஓர் இழை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இழை எடுத்துக்கொள்வார்கள். அந்த இழையையும் அப்பத்தா குறித்து வைப்பார். அடுத்த வருடம் அது ஆள்.

காசு பிரித்தால் சில்லறை வரும். ரூபாயாகத் திருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அப்பத்தாவுக்குப் பிடிக்காது. "திருத்துனா யாருக்கோ கூடும், யாருக்கோ குறையும். கூடுனவன் மறந்துருவான்" என்பார். குறைந்தவனைப் பற்றிச் சொல்ல மாட்டார். சொல்லத் தேவையும் இல்லை.

ஐயா இறந்த பிறகு, உறவில் வக்கீலாக இருந்த ஒருவர் அப்பத்தாவிடம், 1956ஆம் வருடச் சட்டப்படி விதவைக்கும் மகளுக்கும்கூடப் பங்கு கேட்க வழி உண்டு என்று சொன்னாராம். அப்பத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரைக்காலை அஞ்சால வகுத்தா அரைமா. ஏழால வகுத்தா வாய்ப்பாட்டிலேயே இல்லையே, எந்தப் பேரைச் சொல்லி எழுதறது?" என்று கேட்டாராம். இதை எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. நாற்பது வருடம் ஒரு வீட்டின் ஒவ்வொரு காணியையும் கணக்கு வைத்தவருக்கு அந்த வீட்டில் ஒரு முந்திரிகூடக் கிடையாது.

1989இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணமாகாத பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று பேப்பரில் வந்தது. எனக்குப் பதினான்கு வயது. அப்பத்தா என்னைக் கூப்பிட்டுக் காசுகளைப் பரப்பச் சொன்னார். "உங்க அப்பச்சிக்கு அரைமா, எட்டுக் காசு. ரெண்டா வகு. தம்பிக்குக் காணி, உனக்குக் காணி." ஏட்டில் என் பெயரையும் எழுதிவிட்டார். அப்பச்சியைக் கேட்கவில்லை, பெரியப்பாமார்களையும் கேட்கவில்லை. "உங்களுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா அப்பத்தா?" என்று கேட்டேன். "எனக்கு வாய்ப்பாடு எடங்குடுக்கல. உனக்குக் குடுக்குதுல்ல?" என்றார்.

நாற்பத்து மூன்று வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறியவர் அவர். அதன் பிறகு வீட்டில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை குடம் எண்ணெய், எந்த வீட்டு மொய் எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அப்பத்தா போட்ட பட்டியல்தான். திருப்பூட்டுகிற நேரத்தில் மட்டும் முன்னால் வர மாட்டார். என் கல்யாணத்திலும் அப்படித்தான். மேளச் சத்தம் உயர்ந்தபோது அவர் மூன்றாம் கட்டில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்ததாக ஆத்தா சொன்னாள். படியைத் தலை தட்டி அளந்த ஒருவரை இந்த வழக்கம் அப்படி அளக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவருக்குக் கோபம் இருந்ததா என்று தெரிந்துகொள்ள எந்த ஏட்டிலும் வழியில்லை.

தொண்ணூறுக்கு மேல் காது மந்தமாயிற்று, கணக்கு மந்தமாகவில்லை. கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு எழுதுவார். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னபோது வீடே கலவரமாகிவிட்டது. நாற்பத்தாறில் ஒரு தடவை, எழுபத்தெட்டில் ஒரு தடவை இதைப் பார்த்தவர் அப்பத்தா. "மாத்திக்க எம்புட்டு நாள் குடுத்திருக்கான்?" என்று மட்டும் கேட்டார். டிசம்பர் கடைசி வரை என்றோம். "அப்ப ஏன் இப்பிடிக் கத்துறீக, போய்ச் சாப்புடுங்க" என்றார்.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் போனார். இரண்டு நாள் படுக்கை, அவ்வளவுதான். கருமாதிச் செலவுக்குத் தபால் ஆபீசில் போட்டிருந்த பணம் அந்தச் செலவுக்குச் சரியாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, பந்தல் கூலி அவர் நினைத்ததைவிட ஏறிவிட்டிருந்தது, பெரியப்பா கையிலிருந்து போட்டார். சாமான்களுக்கு அப்பத்தா பட்டியல் எழுதி வைத்திருந்தார். பித்தளை அண்டா, ரெங்கூன் பெட்டி, எனாமல் தூக்கு, கவுனி அரிசி வேகவைக்கும் இட்லிப் பானை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இதே மாதிரி தூக்கும் அண்டாவும் நடைபாதை வரைக்கும் அடுக்கி விற்கிறார்கள், எந்த ஆச்சியின் இனிஷியலோ மூடியில் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றும் அந்தத் தெருவுக்குப் போகாததற்குக் காரணம் பாசமா, பட்டியலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பட்டியல் இல்லாத வீட்டுப் பாசத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

2017 சித்திரையில் எழுதிய கடைசிக் கணக்கில் பியாப்போன் வரி 27,500 ரூபாயில் நிற்கிறது. அதற்கு எதிரே மட்டும் யார் பெயரும் இல்லை.

இப்போது வீட்டில் அடுப்பு எரிவது நோன்புக்கும் படைப்புக்கும்தான். இடையில் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். கரண்டு, துப்புரவு, காவலாளி சம்பளம் போக மிஞ்சுவதைச் சித்தப்பா மகன் எக்செல்லில் போட்டு, பங்குப்படி எல்லோருக்கும் ஜிபேயில் அனுப்புகிறான். கால், அரைக்கால், அரைமா, காணி எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. அப்பத்தாவின் ஏட்டைப் பார்த்து அடித்தது. எண்பதில் ஒரு பங்கு என் பெயரில். போன தடவை மிஞ்சியது 13,460 ரூபாய். எனக்கு 168 ரூபாய் வந்தது. போன் செய்தேன்.

"நாலணாவுக்கா போன் பண்றீக ஆச்சி?" என்றான்.

ஆமாம் என்றேன். ஐந்து நிமிடத்தில் 25 காசு தனியாக வந்து சேர்ந்தது.